வடிவின் இடது கைக்காக ஒரு தண்ணீர்க் கேமரா

சென்ற நவம்பரில் பத்து நாள் பம்பாய் போய் வந்தேன். கடற்கரை, கோட்டை என்று எதையும் பார்க்கவில்லை. மாட்டுங்கா, தாராவி, செம்பூர், மறுபடி மாட்டுங்கா என்று அந்த மூன்றுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். தூரம் அளக்கும் கேமராவைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டிய தேவை உங்களுக்கும் இருந்தால் இந்தக் கட்டுரை உதவும். இல்லாவிட்டால் ஒரு பழைய சிநேகிதியைப் பார்க்கப் போன கதையாகப் படித்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

சிநேகிதியின் பெயர் வடிவு. தாராவியில் பிறந்தவள், இன்றும் அங்கேயே இருக்கிறாள். அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நான் மாட்டுங்காவில் வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். வேறு வேறு பள்ளிக்கூடம். நாங்கள் சேர்ந்தது செம்பூர் நீச்சல்குளத்தில், பன்னிரண்டு வயதில். நான் ஏறிய பஸ்ஸில் சயான் ஸ்டாப்பில் அவள் ஏறுவாள். ஐந்து வருஷம் ஒரே பஸ், ஒரே கோச், ஒரே துண்டு. அவள் துண்டை மறந்துவிட்டு வருவாள், என்னுடையதில் துவட்டிக்கொள்வாள். பிறகு நான் படிக்கப் போனேன், கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்தேன், நீச்சலை விட்டேன். அவள் விடவில்லை. ஐந்து கிலோமீட்டர் கடல் நீச்சல் இரண்டு தடவை முடித்திருக்கிறாள்.

மூன்று வருஷத்துக்கு முன் மழைக்காலத்தில் சயான் ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடது தோளில் எலும்பு உடைந்தது. பிளேட் வைத்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் நீந்தத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே தோள் வலிக்கிறது, உடம்பு தானாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. கரையிலிருந்து செல்போனில் படம் எடுத்துப் பார்த்தாயிற்று. தண்ணீருக்கு மேலே நடப்பதுதான் அதில் தெரிந்தது.

தீபாவளி கழிந்த வாரம் போன் வந்தது.

"ஏட்டி ராஜி, ஒங்க கம்பெனில தூரத்த அளக்குற கேமரா இருக்குன்னியே, அது தண்ணிக்குள்ள வேல செய்யுமா?"

"எதுக்குடி?"

"எங் கைய பாக்கணும். உள்ள போயி அது என்னதான் பண்ணுதுன்னு தெரியணும்லா."

என் வேலை பம்ப் வார்ப்புகளில் மேடு பள்ளம் சரிபார்ப்பது. அதற்கு மூன்று வகைக் கேமராக்களைப் பயன்படுத்துகிறோம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது திரும்பிவர எடுக்கும் நேரத்தை அளப்பது ஒன்று. அதே ஒளியைப் புள்ளி புள்ளியாக அடித்து, புள்ளிகள் எப்படி நகர்கின்றன என்று பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது, நம் இரண்டு கண்ணைப் போலப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு லென்ஸ் வைத்து, இரு படத்தையும் ஒப்பிட்டுத் தூரம் கண்டுபிடிப்பது. முதல் இரண்டும் தண்ணீரில் ஆகாது. அகச்சிவப்பைத் தண்ணீர் குடித்துவிடும். எங்கள் வீட்டு சிமென்ட் தொட்டியில் கண்ணாடி மீன்தொட்டியை அழுத்திப் பிடித்து, அதற்குள் புள்ளிக் கேமராவை வைத்துப் பார்த்தேன். ஒரு கை நீளத்துக்கு அப்பால் வெறும் கறுப்பு.

ஆக, ரெட்டைக்கண் கேமரா. வாங்குவதானால் மூன்று விஷயம் பாருங்கள். சாதாரண வெளிச்சத்தில் வேலை செய்ய வேண்டும். படம் முழுவதையும் ஒரே கணத்தில் பிடிப்பதாக இருக்க வேண்டும், வரி வரியாகப் பிடிப்பது என்றால் வேகமாகப் போகும் கை வளைந்து தெரியும். லென்ஸ் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி குறைவாக இருக்கட்டும், குளத்தில் நமக்கு இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் தேவையில்லை. புதிது நாற்பதாயிரம் வரை ஆகும். எங்கள் கம்பெனியில் ஓரங்கட்டி வைத்திருந்த ஒன்றை முதலாளியிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து குர்லா டெர்மினஸ் வரை ரயில். மூன்றடுக்கு ஏசியில் இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. காலையில் ஏறினால் மறுநாள் சாயங்காலம் இறங்கலாம். விமானத்தில் கேமரா, வயர், பேட்டரி எல்லாவற்றையும் பிரித்துக் காட்டச் சொல்வார்கள் என்று ரயிலைத் தேர்ந்தெடுத்தேன். குர்லாவில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். மாட்டுங்கா போகிறவர்கள் ஏமாற வேண்டாம், ஆட்டோ சயானைத் தாண்டாது. டாக்ஸிதான். எனக்கு இருநூற்றைம்பது ஆயிற்று.

நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டு டாக்ஸிக்காரர் திரும்பிப் பார்த்தார். அவரும் தமிழர்தான், ஆண்டாப் ஹில்லில் இருக்கிறாராம்.

"மேடம், பேக்குல என்ன, இவ்ளோ ஜாக்கிரதையா மடியில வச்சிருக்கீங்க?"

"கேமரா. தண்ணிக்குள்ள போடறதுக்கு."

"மீன் புடிக்கவா?"

"இல்லை, ஒரு பொம்மனாட்டி நீந்தறதைப் பாக்க."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். என்ன நினைத்தாரோ.

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினேன், நாளுக்கு இரண்டாயிரத்து இருநூறு, வெந்நீர் காலையில் மட்டும். நாங்கள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடம் இருந்த இடத்தில் இப்போது இருபத்திரண்டு மாடி நிற்கிறது. வாட்ச்மேன் எந்த பிளாட் என்று கேட்டார். பழைய நம்பரைச் சொன்னேன். அப்படி ஒரு நம்பர் இல்லை என்றார். எதிரே பூக்கடைகள் அப்படியே இருந்தன. அப்பா ஆபீஸிலிருந்து வரும்போது வாழையிலைச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவாரே, அதே மூலையில் அதே மாதிரி இலை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டு வாங்கலாம் என்று கை போயிற்று. லாட்ஜில் வைத்து என்ன செய்வது?

மறுநாள் காலை தாராவி. மாட்டுங்காவிலிருந்து பஸ்ஸில் பத்து ரூபாய், நெரிசல் இல்லாவிட்டால் கால்மணி நேரம். வடிவும் அவள் கணவர் சுடலையும் அக்ரிலிக் பட்டறை வைத்திருக்கிறார்கள். நகைக்கடைக்குக் கண்ணாடிப் பெட்டி, பள்ளிக்கூடங்களுக்குப் பரிசுக் கேடயம், கடைகளுக்குப் பெயர்ப்பலகை. கீழே பட்டறை, இரும்பு ஏணி ஏறினால் வீடு.

வடிவு வாசலிலேயே நின்றிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. குளோரினில் செம்பட்டையான நுனிமுடி மட்டும் அதே நிறம். கட்டிப்பிடிக்க வலது கையை மட்டும் தூக்கினாள்.

"குண்டாயிட்டட்டி," என்றாள். அதுதான் முதல் வார்த்தை.

சுடலை பேச்சு குறைவான மனிதர். நான் வரைந்து கொண்டுபோன படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டி பன்னிரண்டு மில்லிமீட்டர் தகட்டில், முன்பக்கம் தட்டையான ஜன்னல், பின்பக்கம் மூடி, நடுவில் ரப்பர், ஆறு ஸ்க்ரூ. வளைந்த குமிழ் ஜன்னல் நல்லதென்று சிலர் சொல்வார்கள். இரண்டு லென்ஸுக்கும் ஒரே குமிழ் சரிப்படாது. தட்டையில் எல்லாம் கிட்டத்தில் இருப்பதுபோலத் தெரியும், நாலு அடி மூன்று அடியாகும், ஆனால் தண்ணீருக்குள்ளேயே அளவு திருத்திக்கொண்டால் போதும்.

"ஆறு ஸ்க்ரூ போதுமாம்மா?" என்று கேட்டார்.

"ஒரு மீட்டர் ஆழந்தானே, போறும்," என்றேன்.

சாயங்காலம் பெட்டி தயார். கேமராவை வைக்காமல், உள்ளே டிஷ்யூ காகிதம் மடித்துப் போட்டு, மேலே ஒரு அம்மிக்கல்லை ஏற்றி, தண்ணீர் டிரம்மில் இறக்கினோம். இரவு முழுக்கக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன். காலையில் பார்த்தால் இரண்டு ஸ்க்ரூக்களுக்கு நடுவில் மூடி லேசாக மேலெழும்பி, காகிதம் ஒரு ஓரம் ஊறியிருந்தது. ஸ்க்ரூவை இன்னும் இறுக்கினால் சரியாகும் என்றார் சுடலை. இறுக்கினார். மூடி 'டப்' என்று விரிசல் விட்டது. என் கணக்கும் தப்பு, அவர் முறுக்கியதும் தப்பு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நல்லவேள, உள்ள வெறுங் காயிதம்," என்றாள் வடிவு.

இரண்டாவது பெட்டிக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டோம். மூடி இன்னும் தடிமன், பதினான்கு ஸ்க்ரூ, ரப்பர் கயிறு உட்கார ஒரு பள்ளம், வயர் வெளியே வரத் தண்ணீர் கசியாத பித்தளை மூட்டு. பொருள் செலவு இரண்டு பெட்டிக்கும் சேர்த்து மூவாயிரத்து இருநூறு. இந்தத் தடவை காகிதம் மொடமொடவென்று வெளியே வந்தது.

இன்னொரு சிக்கலை முன்பே சொல்லியிருக்க வேண்டும். ரெட்டைக்கண் கேமராவுக்கு எதையாவது அடையாளம் பிடித்துக்கொள்ள வேண்டும். வடிவு போடும் நீச்சலுடை முழுக்கை வைத்தது, வெறும் கறுப்பு. இரண்டு படத்திலும் எந்தக் கறுப்பு எந்தக் கறுப்பு என்று கேமராவுக்குத் தெரியாது. மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போனோம். வெள்ளையில் சிவப்பும் நீலமுமாகக் கண்டபடி பூ சிதறிய லெக்கிங்ஸ் ஒன்று நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைத்தது. அதன் இரண்டு காலையும் வெட்டி வடிவின் இரண்டு கையிலும் மாட்டினோம்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் இட்லி சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவள் மனதில் இருந்தது வெளியே வந்தது. இடது கையால் தம்ளரை எடுத்தவள் பாதியில் வலதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அந்த பிளேட்டு அசஞ்சிருக்கும்னு நெனக்கேன் ராஜி."

"டாக்டர் சரியா இருக்குன்னாரே."

"படுத்து எடுத்த எக்ஸ்ரேல சரியாத்தான் இருக்கும். நீந்தும்போது அவரு வந்து பாத்தாரா? ஒன் கேமரா எலும்புதான்னு சொல்லிட்டுன்னா நிறுத்திருவேன். கடலுக்கு பேரு குடுத்திருக்கேன், அதையும் வேண்டாம்னுருவேன். இன்னொரு ஆபரேசனுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

நான் அவள் தம்ளரில் தண்ணீரை நிரப்பிவைத்தேன். அதுவரை எனக்கு இது பெட்டி, ரப்பர், லென்ஸ் என்று விளையாட்டுப்போல இருந்தது.

நீச்சல்குளத்தில் கேமராவுக்கு அனுமதி வாங்குவது பெட்டி செய்வதைவிடக் கஷ்டம். நியாயமான கஷ்டம்தான், பெண்கள் நீந்துகிற இடம். நாங்கள் சிறுவயதில் போன குளத்தில் கேட்கவே இல்லை. செம்பூரில் ஒரு கிளப்பின் குளம் திங்கட்கிழமை மதியம் சுத்தம் செய்வதற்காக மூடியிருக்கும். மேனேஜர் முதலில், "கேமரா அலவ்ட் நஹி" என்றார். வடிவு லெக்கிங்ஸ் கையை மாட்டிக்காட்டி ஹிந்தியில் கால்மணி நேரம் விளக்கினாள். கடைசியில் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்தைந்நூறு, தண்ணீரில் அவள் மட்டும், எடுத்ததையெல்லாம் அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். ஜி.டி.பி. நகர் ஸ்டேஷனிலிருந்து ஹார்பர் லைனில் செம்பூர் போக வரப் பத்து ரூபாய். அங்கிருந்து ஆட்டோ கிடைக்கும்.

அந்த ரயில் சூனாபட்டி ஸ்டேஷனைத் தாண்டும்போது இரண்டு பேரும் எழுந்து கதவோரம் போய் நின்றோம். பஸ் கிடைக்காத நாட்களில் இதே லைனில்தான் போய்வருவோம். ஈரத்தலையோடு கதவோரம் நின்று, வடாபாவை ஆளுக்குப் பாதி தின்றுகொண்டு.

குளத்தில் முதல் இருபது நிமிஷம் வீண். பெட்டி மிதந்தது. அம்மிக்கல்லைத் தூக்கிவர முடியாதென்று நான்கு கிலோ எடைக்கற்கள் கொண்டுபோயிருந்தோம், பட்டையால் கட்டி இறக்கினோம். பிறகு ஜன்னலில் ஆவி படிந்தது. திறந்து, செருப்பு டப்பாக்களில் வருமே, அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலம் நாலைந்தை உள்ளே போட்டோம். கேமராவின் சின்ன விளக்கு கண்ணாடியில் பட்டுத் திரும்பியது, கறுப்பு டேப் ஒட்டினேன். வயர் ஐந்து மீட்டருக்கு மேல் போனால் படம் விட்டுவிட்டு வரும் என்பதால் நான் லேப்டாப்போடு குளத்தின் விளிம்பிலேயே குந்தியிருந்தேன். சுடலை தயார் செய்த கறுப்பு வெள்ளைக் கட்டத் தகட்டை வடிவு தண்ணீருக்குள் முன்னும் பின்னும் சாய்த்துக்காட்ட, அளவு திருத்தினேன்.

அப்புறம் அவள் கேமராவைப் பார்த்து நீந்தி வந்தாள். மறுபடி, மறுபடி.

லேப்டாப்பில் அவள் கை நிறங்களாக வந்தது. கிட்டத்தில் சிவப்பு, தூரத்தில் நீலம். முதலில் சுற்றிலும் நிறப்புள்ளிகளின் குழப்பம், குமிழிகள். பூப்போட்ட கை மட்டும் தெளிவாக நின்றது. இடது கை நேராக முன்னே போகாமல் தலைக்கு முன்னால் குறுக்கே வலப்பக்கம் போனது. நான் அளந்தேன். பன்னிரண்டு சென்டிமீட்டர். அடுத்த தடவையும் அவ்வளவே. தோள் திரும்பவில்லை, பிளேட்தான் என்று நினைத்தேன்.

சொல்வதற்கு முன் ஒன்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

"வடிவு, இந்த தடவை மூச்சே எடுக்காம வா. தலையைத் திருப்பாதே."

வந்தாள். இடது கை நேராகப் போனது. விலகல் இரண்டு சென்டிமீட்டர். மூன்று தடவை செய்யச் சொன்னேன், மூன்றிலும் நேர். எலும்பாக இருந்தால் மூச்சு எடுக்காதபோதும் குறுக்கே போயிருக்க வேண்டுமே. மூச்சுக்காக வலப்பக்கம் தலை திரும்பும் அந்தக் கணத்தில்தான் இடது கை குறுக்கே சரிகிறது. முன்பு தாங்கிய தோள், உடைந்த பிறகு தாங்கவில்லை.

அவளை மேலே கூப்பிட்டு எண்களைக் காட்டினேன். குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் சேலையை நனைத்தது.

"அப்ப பிளேட்டு இல்லியா?"

"இந்தக் கணக்குப்படி இல்லை. ஆனா டாக்டர்ட்டயும் காட்டணும். நீ ஏன்டி இடப்பக்கம் மூச்சே எடுக்க மாட்டேங்கறே? ஒருநாளும் எடுத்ததில்லையா?"

"எப்படி எடுப்பேன்? நீ வலப்பக்கம்லா இருப்ப."

எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. பிறகு எல்லாம் நினைவுக்கு வந்தது. நான் இடப்பக்கம் மட்டும் மூச்சு எடுப்பவள், அவள் வலப்பக்கம். பக்கத்தில் பக்கத்தில் நீந்தினால் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்போம். சுவரைத் தொட்டுத் திரும்பும்போது நான் அவளுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போய்விடுவேன், மறுபடி முகம் பார்க்க வேண்டுமே. கோச் விசில் ஊதித் திட்டுவார். இரண்டு மதராஸிகளும் தண்ணீருக்குள்ளும் அரட்டை என்பார். நான் போன பிறகு முப்பது வருஷம் அவள் அந்தப் பக்கமே திரும்பி நீந்தியிருக்கிறாள்.

மேனேஜர் வந்து படங்களைப் பார்த்தார். சிவப்பும் நீலமுமான கையைப் பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு என்பதுபோலப் போய்விட்டார்.

செவ்வாயன்று டாக்டரிடம் போனோம். அவர் படத்தைவிட அவள் தோளைத்தான் அசைத்துப் பார்த்தார். பக்கம் மாற்றி நீந்திப் பார், வலி குறைந்தால் தொடரலாம் என்றார். என் டிக்கெட் புதன்கிழமைக்கு இருந்தது. ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டேன். மாட்டுங்காவில் அவசரமாக ஒரு நீச்சலுடை வாங்கினேன், விலையைக் கேட்காதீர்கள்.

புதன் காலை பெண்கள் நேரத்தில் எங்கள் பழைய குளத்தில் இறங்கினோம், வடிவு அதே பூப்போட்ட கையோடு. நான் அவளுடைய இடப்பக்கம் போய் நின்றேன். அவள் புரிந்துகொண்டு சிரித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் நானும் வழக்கமில்லாத வலப்பக்கம் மூச்சு எடுக்க வேண்டும். முதல் மூச்சிலேயே இரண்டு பேரும் தண்ணீர் குடித்தோம். இருமி இருமி நின்றோம். பக்கத்தில் நீந்திய காலேஜ் பெண், "ஆன்டி, டீக் ஹை?" என்று நலம் விசாரித்தாள். வெள்ளிக்கிழமை ஒரு முழு நீளம் நிற்காமல் போனோம். சனிக்கிழமை சுவரைத் தொட்டதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு அடியில் புகுந்தேன். மேலே அவள் பூக்கை நேராக முன்னால் போய்க்கொண்டிருந்தது.

இதே வேலைக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. குறைந்தது ஒரு வாரம் ஒதுக்குங்கள், முதல் பெட்டி கசியும். கேமராவை வைக்கும் முன் ஒரு இரவு காகிதத்தை ஊறப்போடுங்கள். அளவு திருத்துவதைத் தரையில் செய்துவிட்டு வராதீர்கள், தண்ணீருக்குள் எல்லா எண்ணும் மாறும். உப்புத் தண்ணீரில் நான் இறக்கிப் பார்க்கவில்லை, அதைப் பற்றிக் கேட்டால் தெரியாது. குளத்தில் அனுமதி வாங்காமல் எடுக்காதீர்கள், சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கேமரா சொல்லும் முதல் எண்ணை உடனே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஏதாவது ஒன்றை மாற்றிச் செய்தாலும் அதே எண் வருகிறதா என்று ஒரு தடவையாவது சோதியுங்கள். நான் அன்று வாயைத் திறந்திருந்தால் அவள் நீச்சலை நிறுத்தியிருப்பாள்.

பிப்ரவரியில் வடிவு கடலில் ஐந்து கிலோமீட்டரை முடித்தாள். என்னால் போக முடியவில்லை. கூட வரும் படகில் சுடலை உட்கார்ந்திருந்தார். படகை இடப்பக்கமே வைக்கச் சொல்லிப் படகுக்காரரிடம் முதலிலேயே பேசியிருந்தாளாம். சாயங்காலம் போன் செய்தாள்.

"தோளு?" என்று கேட்டேன்.

"கடைசியில கொஞ்சம் இழுத்துச்சு. தாங்கிட்டேன்."

"இடப்பக்கம் மூச்சு எடுத்தியா?"

"எடுத்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அவரு மூஞ்சியதான் பாத்தேன். பாவம் மனுசன், நான் நீந்தி முடிக்கதுக்குள்ள அவருக்குத்தான் மூச்சு வாங்கிட்டு."